வழக்கப்படி ஒரு மாதம்

சென்ற வாரம் கலைச்செல்வி போன் செய்திருந்தார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் நான் எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொள்ளவில்லை என்று வயதானவர்கள் கொடுக்கும் பராமரிப்பு மனுக்களைக் கவனிக்கும் இருக்கை அது. புதிதாக ஒரு கணினிப் படிவம் வந்திருக்கிறதாம். மனுதாரர் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர், யார் எவ்வளவு தர வேண்டும் என்று வரிசையாகப் பெட்டிகள். நிரப்பினால் ஆணையை அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும்.

"எல்லாம் சரியா இருக்கு சார். கண்டக்டர் பத்திய மட்டும் எந்தப் பெட்டியில போடறதுன்னு தெரியல" என்றார்.

அந்தப் பத்தியை எழுதியவன் நான். என்றாவது ஒருநாள் அதற்கு என் பெயரை வைப்பார்கள் என்று ஓய்வுபெறும் நாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. கண்டக்டர் பத்தி என்றால்தான் எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கலைச்செல்விக்குப் போனில் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று மட்டும் சொல்லப்போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கோ. இந்தக் கதையில் தப்பு செய்தவன் ஒரே ஆள்தான், அந்த ஆள் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கிறான். அலுவலகத்தை ஏன் இழுக்க வேண்டும்?

நான் தமிழில் எம்.ஏ. கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல், தேர்வு எழுதி வருவாய்த் துறைக்கு வந்தவன். நில அளவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்காட்டில் மூன்று மாதம் நடந்தேன். தட்டச்சில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். பயிற்சிக் காலம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேலதிகாரிகளின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பராமரிப்பு இருக்கைக்கு என்னைப் போட்டபோது தண்டனை என்று நினைத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்ற பலகையைப் பார்த்து ஓட்டுநர் உரிமம் எடுக்க வந்தவர்களுக்கு வழி சொல்வது பாதி வேலை. மீதிப் பாதி, மனு. மனு வந்ததும் எண் போட்டு, பிள்ளைகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு என்ன வருமானம், எத்தனை அறை வீடு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். புதன்கிழமை விசாரணை. வக்கீல் கிடையாது. அதனால் எல்லோரும் அவரவர் வாயாலேயே பேசுவார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் பேசுவதால் எந்த வக்கீலாலும் முடியாத அளவுக்குக் காயம்படும்.

எங்கள் கோட்டாட்சியர் ஒரு பெண்மணி. மேடம் என்போம். சத்தம் போடமாட்டார். காலையிலிருந்து மாலைவரை வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார். மனுதாரருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போடச் சொல்வார். சொத்து, சம்பளம், சண்டை எதையும் முதலில் கேட்கமாட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று பெரியவரிடம் கேட்பார். பிறகு அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையைத் தனியாக அழைத்து, "அப்பா காலையில என்ன சாப்பிட்டாரு?" என்பார். இரண்டு பதிலையும் நான் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அம்மா நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டிருப்பார். மகன் இட்லி, சட்னி என்று சொல்லிவிட்டுச் சட்னியின் நிறத்தையும் சேர்த்துச் சொல்வான். இருபது பக்க அறிக்கை சொல்லாததை அந்த இரண்டு வரி சொல்லிவிடும்.

என் வரைவு ஆணைகளை மேடம் திருத்தமாட்டார். விளங்காத சொல்லுக்கு மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவார். அவ்வளவுதான். என் வரைவுகளில் கேள்விக்குறிகள் தாராளமாக விழும். ஏனென்றால் நான் எழுதியது ஆணை அல்ல, உரைநடை. 'பேணிக் காத்தல் வேண்டும்' என்று எழுதிவிட்டு இரண்டு நிமிடம் அதையே பார்த்து ரசிக்கிற ஆள் நான். பாடம் நடத்தக் கிடைக்காத தமிழையெல்லாம் அரசாங்கத் தாளில் இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

காத்தமுத்து மனு கொடுத்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. தனியார் பஸ்ஸில் முப்பது வருடத்துக்கும் மேல் கண்டக்டர். கம்பெனியில் ஓய்வூதியம் எதுவும் இல்லை. மனைவி இறந்த பிறகு எங்கள் ஊரில் ஒரு வாடகை அறையில் இருந்தார். வலது பாதத்தில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், குளிக்கக் கை பிடிக்க வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும். மூத்தவர் செல்வராசு பொன்னமராவதிப் பக்கம் கடலை விவசாயம். இளையவர் முருகேசன் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் மாதச் சம்பளம். அண்ணனுக்கும் தம்பிக்கும் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பாவைப் பார்க்க மாட்டோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அவன் எவ்வளவு பார்க்கிறானோ அதற்கு மேல் ஒரு கரண்டிகூட நான் பார்க்கமாட்டேன் என்பதுதான் சண்டை.

விசாரணை முடிந்து மேடம் சொன்ன ஏற்பாடு எளிமையானது. மாதம் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்திருப்பவர் சாப்பாட்டையும் துணையையும் பார்த்துக்கொள்வார். வைத்திராதவர், அந்த மாதம் எந்த ஊரில் அப்பா இருக்கிறாரோ அந்த ஊரில் கட்டுப் போட வரும் நர்ஸுக்கும் மருந்துக் கடைக்கும் பணம் அனுப்பிவிட வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். நான் வரைவு எழுதினேன்.

'மனுதாரரை அவர்தம் இரு புதல்வர்களும் மாதம் ஒருவர் வீதம் முறைவைத்துப் பேணிக் காத்தல் வேண்டும்.'

'மாதம்' என்ற சொல்லுக்கு மேலே கேள்விக்குறி வந்தது.

மாதம் விளங்காதவர் எப்படிக் கோட்டாட்சியர் ஆனார் என்று மனதுக்குள் நினைத்தேன். வாக்கியத்தில் ஓசை குறைகிறது, அதனால்தான் அவருக்கு இடறுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'வழக்கப்படி மாதம் ஒருவர் வீதம்.' ஓரத்தில், 'மாதம் என்பது உலக வழக்கில் எவர்க்கும் விளங்கும்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அன்றைக்குப் பார்த்து மாவட்ட ஆட்சியருடன் கூட்டம். மேடம் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆடி பிறக்கிற சமயம் ஆணை போய்ச் சேர்ந்தது.

ஆவணி தொடக்கத்தில் காத்தமுத்து எங்கள் அலுவலக வராந்தா பெஞ்சில் தென்பட்டார். காக்கிச் சட்டை, ஜிப் வைத்த ஒரு பை. காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே வந்து உட்காருவார், நாங்கள் பூட்டும்போது எழுந்து போவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். இரண்டு வாரத்தில் காணாமல்போனார். நன்றி சொல்லாமலே போய்விட்டாரே என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் மறுபடியும் அதே பெஞ்சு, அதே பை. இந்தத் தடவை வலது காலில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக் கயிறு கட்டியிருந்தார். பக்கத்தில் போனதும் வாடை வந்தது.

"என்னங்கய்யா, புதுசா மனு எதுவும் இருக்கா?"

"மனு இல்ல சார். நீங்க எழுதுன எடத்துலதான் இருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஆணையின் நகலை எடுத்தார். டிக்கெட்டை மடிப்பதுபோல மடித்து மடித்து அது நைந்துபோயிருந்தது. முழங்காலில் விரித்து, நான் ரசித்து எழுதிய வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார்.

"பெரியவனுக்குத் தமிழ் மாசம். ஐப்பசி பொறந்துருச்சு, அவன் மொற முடிஞ்சு போச்சு. சின்னவனுக்குச் சம்பள மாசம். ஒண்ணாந் தேதி வந்தாத்தான் அவன் மொற. நடுவுல பதினஞ்சு நா விழுகுது சார். அந்தப் பதினஞ்சு நாளைக்கு நான் யார் வீடுன்னு இதுல தேடிக்கிட்டிருக்கேன். ஒங்க எழுத்து நல்லாத்தான் இருக்கு. வழிதான் இல்ல."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்தில் மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அது ஒரு பக்கம் ஆடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை ஏன் பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் என்றார். தம்பி கூப்பிட்டுவிட்டான் என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், ஒன்றாம் தேதி வருகிறேன் என்று இளையவரிடம் போனில் சொல்லியிருக்கிறார். பாதி வழியில் எங்கள் ஊரில் இறங்கி, பழைய கம்பெனி ஷெட்டில் டிரைவர், கண்டக்டர்கள் படுக்கும் அறையில் தங்கியிருக்கிறார்.

"வண்டி நிக்காம ஓடணும்ல சார்" என்றார்.

பணம் வழக்கப்படி போய்க்கொண்டுதான் இருந்தது. இந்த மாதம் அப்பா தம்பி வீட்டில் என்று நினைத்த மூத்தவர், ஜெகதாப்பட்டினத்து நர்ஸுக்கு அனுப்பியிருந்தார். அப்பா அண்ணன் வீட்டில் என்று நினைத்த இளையவர், பொன்னமராவதி நர்ஸுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு ஊரில் இரண்டு நர்ஸுக்குக் கூலி தயார். கால் மட்டும் மூன்றாவது ஊரில் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டு இலவசம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அந்த வரிசையில நிக்கத்தான் சார் அந்தக் காலு வேணும்" என்றார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். வெந்நீர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து காலைப் பார்த்தார். ஜீப்பை எடுக்கச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் சீட்டு எழுதிய நர்ஸ், கூட இருப்பது யார் என்று கேட்டார். நான் என்றேன். அவருக்கு என்ன வேண்டும் என்றார். உறவு எதுவும் இல்லை, நான் உதவியாளர் என்று என் பதவியைச் சொன்னேன்.

"உதவியாளர்னா சரி. ஓடிப்போயி ஒரு பக்கெட்டும் மக்கும் வாங்கிட்டு வாங்க" என்றார்.

முப்பது வருட சர்வீஸில் என் பதவியின் பெயரை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர்தான். ஓடிப்போய் வாங்கிவந்தேன்.

ஒரு விரல் கறுத்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். இனி ஒரு கட்டுகூடத் தவறாமல் போட்டால் பாதம் தப்பும், தவறினால் சொல்ல முடியாது. மறுநாள் விரலை எடுத்தார்கள். நான் சேர்த்த ஒரு சொல்லுக்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. இதை எழுதாமல் மற்றதை மட்டும் பெருமையாக எழுதினால் பேனா ஓடாது.

மேடம் இரண்டு பிள்ளைகளையும் வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. இரண்டு பேரும் வந்து, மேசையின் இரண்டு ஓரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மேடம் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். இந்தத் தடவை இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா நேத்து என்ன சாப்பிட்டாரு?"

மூத்தவர் தம்பி பக்கம் கையைக் காட்டினார். "அவங்கிட்ட கேளுங்கம்மா."

"என்னைய ஏம்மா கேக்கறீங்க? அப்பா அண்ணன் வீட்டுலல்ல இருக்காரு" என்றார் இளையவர்.

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். மேடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார்.

மூத்தவர்தான் முதலில் வாய் திறந்தார். "ஆடி முச்சூடும் ஒரு நா கொறையாம வச்சிருந்தேன்மா. மாசம்னா எங்களுக்குத் தமிழ் மாசந்தான். வழக்கப்படின்னு நீங்கதான போட்டிருக்கீங்க" என்று தன் நகலை நீட்டினார். இளையவர் தன் நகலை எடுக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு முன்னால் தன் கையில் காசு இருக்காது என்றார், தங்களுக்கு அதுதான் வழக்கம் என்றார்.

இரண்டு பேரும் சொன்னது சரி. அந்த அறையில் தப்பான ஆள் ஒருவன்தான் இருந்தான். 'வழக்கு' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் அவன்.

"அது நான் சேத்த வார்த்தை மேடம்" என்றேன்.

மேடம் கோப்பைப் புரட்டி, தன் கேள்விக்குறியையும் என் ஓரக் குறிப்பையும் பார்த்தார். "நான் கேட்டேன். நீங்க பதில் எழுதுனீங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அதனால உங்க தப்பு மட்டும் இல்ல" என்றார். "திருத்தம் எழுதிக் கொண்டுவாங்க. அவருகிட்ட கேட்டு எழுதுங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்றாம் தேதி என்று முடிவுசெய்வது எளிதாக இருந்தது. மூத்தவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்றாம் தேதி ஒருவர் வராமல்போனால்? மழை, அறுவடை, சம்பளம் தாமதம், எது வேண்டுமானாலும் நடக்கலாம். மூன்று வரைவு எழுதினேன், மூன்றிலும் எங்காவது ஓட்டை இருந்தது. காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க டூட்டியில சார், மாத்தற ஆளு வரலைன்னா பையைக் கீழ வைக்க மாட்டோம். அவன் வந்து எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடற வரைக்கும் பை நம்ம தோள்லதான். லேட்டானா லேட்டா வந்தவன் செலவு." கண்ணைத் திறந்தார். "என்னையும் ஒரு பைன்னு வச்சுக்கிட்டு எழுதுங்க."

எழுதினேன். அலங்காரம் இல்லாமல் நான் எழுதிய முதல் ஆணை அது. அழைத்துப்போகிறவர் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அனுப்புகிறவரும் தானும் கையெழுத்துப் போட்டு மனுதாரரைக் கூட்டிப்போக வேண்டும். அவர் வரும்வரை மனுதாரர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் இருப்பார், அனுப்புகிறவரின் முறை முடிந்ததாக ஆகாது. தாமதமாகும் ஒவ்வொரு நாளின் சாப்பாடு, மருந்து, கட்டு எல்லாச் செலவும் வராதவரைச் சேரும். மேடம் அதைப் படித்துவிட்டு, எங்கள் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, புரிகிறதா என்று கேட்டார். "புரியுது மேடம். பெரியவர நடுவழியில எறக்கிவிடக் கூடாது" என்றார் அவர். கேள்விக்குறி விழவில்லை.

பிறகு நடந்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதம் தப்பியது. கையெழுத்துப் போடுவதற்காக அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் நேருக்கு நேர் வந்தாக வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, எதிர்க் கடையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயுடன் நின்றதைப் பார்த்தேன். பேசவில்லை, ஆனால் ஒருவரே காசு கொடுத்தார். அந்தப் பத்தி பிறகு வந்த ஆணைகளில் எல்லாம் ஏறியது. மாதமுறை என்று வந்த எந்த மனுவிலும் அதை நான் விட்டதில்லை. அதைச் சேர்த்த பிறகு, பையுடன் அந்த பெஞ்சில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தவர் என்று வேறு யாரையும் என் சர்வீஸில் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற அன்று எனக்குக் கொடுத்த கடிகாரத்தைவிட இதுதான் ஒழுங்காக ஓடுகிறது. அதனால் கலைச்செல்விக்குச் சொன்னேன்: பெட்டி இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதி ஆணையோடு சேர்த்துப் பின் அடியுங்கள்.

சொல்லாமல் விட்டது முதல் ஒப்படைப்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய மறுநாள், ஒன்றாம் தேதி. மேடம் அறையில் மின்விசிறிக்குக் கீழே காத்தமுத்து. இளையவர் முறை. ஒன்பதரைக்கே வந்து, 'அழைத்துச் செல்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'ஒப்படைப்பவர்' என்ற இடம் பாக்கி. மூத்தவர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு எழுதாமல் நின்றார். காத்தமுத்து தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். ஆயிரம் டூட்டி மாற்றிய கண்.

"அவன் எப்புடிப் போடுவான்? இந்தப் பதினஞ்சு நாளா என்னைய வச்சிருந்தது அவன் இல்லையே" என்றார். பேனாவை மகனின் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்கதான சார் வச்சிருந்தீங்க. நீங்க போடுங்க."

மேடத்தைப் பார்த்தேன். அவர் வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தார். போட்டேன். கையெழுத்துக்குக் கீழே, மனுதாரருக்கு என்ன உறவு என்று ஒரு கோடு. நான் அச்சடித்த தாள்தான், நிரப்பாமல் விட முடியாது.

'உதவியாளர்' என்று எழுதினேன்.